ஷண்டிங் என்ஜினை இரவல் கொடுக்கும் முன்

கேள்வி: அமெரிக்காவில் ஒஹாயோவில் இருக்கிறேன். இங்குள்ள மாதிரி ரயில் குழுவில் சேர்ந்து ஒரு வருடம் ஆகிறது. அடுத்த மாதம் ஆளுக்கொரு பகுதி கொண்டுவந்து இணைத்து, பெரிய யார்டு ஒன்று அமைக்கப் போகிறோம். என்னிடம் உள்ள இரண்டு எச்ஓ அளவு (அசலில் 87-இல் ஒரு பங்கு) எஸ்டபிள்யூ1500 ஷண்டிங் என்ஜின்களை அன்று மற்றவர்களும் ஓட்டக் கேட்கிறார்கள். இரண்டிலும் டிசிசி டிகோடர் (தண்டவாளம் வழியே வரும் டிஜிட்டல் கட்டளையைப் படித்து என்ஜினை இயக்கும் சிறு மின்னணுப் பலகை) உண்டு. கொடுக்கலாமா? எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: தாராளமாகக் கொடுங்கள். 1966 முதல் 1974 வரை தயாரான அந்த 1500 குதிரைத்திறன் அசல் என்ஜினின் வேலையே யார்டில் பெட்டிகளைப் பிரித்துச் சேர்ப்பதுதான். நாலு பேர் மாற்றி மாற்றி ஓட்டும்போதுதான் அதன் அருமை தெரியும்.

முதலில் முகவரி, அதாவது கன்ட்ரோலர் ஒரு என்ஜினைக் கூப்பிடும் எண். புதிய டிகோடர்கள் பெரும்பாலும் 3 என்ற முகவரியோடுதான் வரும். அதை மாற்றாமல் மூன்று பேர் வந்தால், ஒருவர் கன்ட்ரோலரைத் திருப்பியதும் மூன்று என்ஜினும் கிளம்பிவிடும். என்ஜினின் பக்கத்தில் எழுதியிருக்கும் நான்கு இலக்க எண்ணையே முகவரியாக வையுங்கள். ஓட்டுபவர் எண்ணைப் பார்த்தே கூப்பிடலாம். இன்னொருவரிடமும் அதே எண் இருக்கிறதா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டையும் எப்போதாவது ஜோடி சேர்த்து ஓட்டியிருந்தால் சிவி19-ஐப் பாருங்கள். சிவி என்பது டிகோடரில் எண்ணிட்டுச் சேமித்திருக்கும் அமைப்பு மதிப்பு; 19 ஜோடி எண்ணுக்கானது. அதில் பழைய ஜோடி எண் தங்கிவிட்டால், என்ஜின் தன் சொந்த முகவரிக்கு நகராது. விளக்கு எரியும், ஆனால் ஓடாது. பழுது என்று நினைத்து நண்பர் மூடியைக் கழற்றிவிடுவார். சிவி19-இல் 0 எழுதினால் போதும்.

எனக்கே நடந்தது இது. இரவல் போன என் என்ஜின் ஒன்று ஓடவில்லை என்று ஒரு நண்பர் சிவி8-இல் 8 எழுதிவிட்டார். பல டிகோடர்களில் அது எல்லாவற்றையும் தொழிற்சாலை நிலைக்குத் திருப்பிவிடும். மாதக்கணக்கில் பார்த்துப் பார்த்து அமைத்த மெதுவேகம் ஒரு நொடியில் போயிற்று. அன்றிலிருந்து, கொடுக்கும் முன் ஜேஎம்ஆர்ஐ என்ற இலவச மென்பொருளில் எல்லா சிவி மதிப்புகளையும் படித்துச் சேமித்துவிடுகிறேன். நீங்களும் அதைச் செய்யுங்கள். சிவி எதையும் மாற்றவேண்டாம் என்று ஓட்டுபவரிடம் வாய்விட்டே சொல்லுங்கள், அதில் தப்பில்லை.

அப்புறம் சக்கரம். இவை குட்டி என்ஜின்கள், மின்சாரம் எடுக்கும் சக்கரங்கள் நெருங்கியே இருக்கும். அதனால் அழுக்குத் தண்டவாளத்திலும், பாதை பிரியும் இடத்தில் தண்டவாளங்கள் குறுக்கிடும், மின்சாரம் இல்லாத பிளாஸ்டிக் துண்டான ஃபிராக்கிலும் நின்றுவிடும். முந்தின நாள் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் நனைத்த துணியால் சக்கரங்களைத் துடைத்துவிடுங்கள். சக்கர இடைவெளியை என்எம்ஆர்ஏ (அமெரிக்க மாதிரி ரயில் சங்கம்) அளவுகோலாலும், பெட்டிகளை இணைக்கும் கப்ளரின் உயரத்தை அதற்கான அளவியாலும் சரிபாருங்கள். வீட்டு வளைவில் ஒழுங்காகப் போன என்ஜின், இன்னொருவர் போட்ட பாதையில் தடம் புரள்வது சகஜம். கப்ளருக்கு அடியில் தொங்கும் வளைந்த கம்பி தாழ்ந்திருந்தால் பாதையில் மாட்டும், அதையும் பாருங்கள்.

சிவி3, சிவி4 இரண்டும் வேகம் ஏறி இறங்கும் நேரத்தைத் தீர்மானிப்பவை. உங்கள் கைக்குப் பழகிய அதிக மதிப்பு புதியவருக்கு ஒத்துவராது. நிறுத்த நினைத்த பிறகும் ஓடிப்போய்ப் பெட்டிகளில் இடிக்கும். அன்றைக்கு மட்டும் குறைத்துவையுங்கள்.

டிகோடர் இல்லாத பழைய என்ஜின் ஏதாவது இருந்தால் அதை வீட்டிலேயே விடுங்கள். டிசிசி பாதையில் சும்மா நின்றாலும் மோட்டார் சூடாகிக் கெட்டுப்போகலாம்.

தூக்கும்போது கைப்பிடிக் கம்பிகளைத் தொடாமல், அடியிலுள்ள எரிபொருள் தொட்டியைப் பிடிக்கச் சொல்லுங்கள். ஒரே மாதிரி என்ஜின்கள் பல வரும் என்பதால் அடிப்பக்கத்தில் உங்கள் இனிஷியலைச் சிறியதாக எழுதிவையுங்கள். திரும்ப வாங்கியதும் பெட்டியில் வைக்கும் முன், நண்பர் பக்கத்தில் இருக்கும்போதே மெதுவேகத்தில் முன்னும் பின்னும் ஒரு தரம் ஓட்டிப் பாருங்கள்.