ரயிலில் பார்த்தவர்கள் ஆறு மொழி பேசினார்கள், எனக்கு ஏன் ஒன்றுகூட வரவில்லை?

கேள்வி: எனக்கு 39 வயது. வேலூரில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சராக இருக்கிறேன். இரண்டு மாதம் முன்பு சென்னையிலிருந்து காட்பாடி வரும் ரயிலில் எதிர் சீட்டில் ஒரு வெளிநாட்டுத் தம்பதி உட்கார்ந்திருந்தார்கள். அவர் போலந்துக்காரர், மனைவி பிரேசில். தங்களுக்குள் ஸ்பானிஷ், போனில் ஜெர்மன், டீ விற்பவரிடம் இந்தி என்று மாற்றி மாற்றிப் பேசினார்கள். ஆளுக்கு ஆறேழு மொழி தெரியுமாம். இதைத் தமிழில் எப்படிச் சொல்வது, அதை எப்படிச் சொல்வது என்று என்னிடம் கேட்டுக் கேட்டு நோட்டில் எழுதிக்கொண்டார்கள். தப்பும் தவறுமாகச் சொல்லிப் பார்த்தார்கள். பெட்டியே சிரித்தது, அவர்களும் சேர்ந்து சிரித்தார்கள். காட்பாடி வருவதற்குள் அடுத்த டீக்காரரிடம் “சர்க்கரை வேண்டாம்” என்று தமிழிலேயே சொல்லிவிட்டார்கள்.

எனக்குப் புல்லரித்துவிட்டது. அன்று இரவே போனில் ஆப் இறக்கி ஸ்பானிஷ், பிரெஞ்சு, கொரியன் மூன்றையும் தொடங்கினேன். (கொரியன், நானும் மகளும் பார்க்கும் தொடர்களுக்காக.) மூன்றாவது வாரம் எல்லாம் நின்றுபோனது. பள்ளி நாட்களில் இந்தி பிரச்சார சபா தேர்வுகளைப் பிரவேஷிகா வரை எழுதித் தேறியவள் நான். ஆனால் எங்கள் மாடி போர்ஷனில் சிஎம்சி சிகிச்சைக்காக வந்து தங்குபவர்களிடம் ஒரு வாக்கியம் பேச வராது. என் கணவர்தான் ஓட்டை இந்தியிலும் கொஞ்சம் வங்காளியிலும் சமாளிப்பார். இப்போது அவர் என்னைக் கேலி செய்கிறார். மொழித் திறமை பிறவியிலேயே வர வேண்டுமா? எனக்கு வயது தாண்டிவிட்டதா? திரும்பத் தொடங்குவதென்றால் எதிலிருந்து?
பெயர் வெளியிட விரும்பாத வாசகி, வேலூர்

பதில்: அன்புள்ள டீச்சருக்கு,

உங்கள் வீட்டிலேயே ஒரு பன்மொழிக்காரர் இருக்கிறார், அவரை நீங்கள் கணக்கில் சேர்க்கவில்லை. ஒரு தேர்வும் எழுதாமல் வாடகைக்கு வருபவர்களிடம் பேசிப் பேசியே இந்தியும் வங்காளியும் பிடித்துக்கொண்ட உங்கள் கணவரைத்தான் சொல்கிறேன். கேலி செய்வதை அவர் நிறுத்த வேண்டும், அது தனிக் கதை. ஆனால் ரயிலில் அந்தத் தம்பதி செய்ததும் மாடிப்படியில் உங்கள் கணவர் செய்வதும் ஒரே காரியம். பெட்டியே சிரித்தபோது அவர்கள் வாயை மூடவில்லை, அடுத்த சொல்லைக் கேட்டார்கள். உங்கள் கடிதத்தில் நான் இரண்டு முறை படித்த இடம் அதுதான். நீங்களோ அதை எழுதிவிட்டு, ‘ஆறேழு மொழி’ என்ற எண்ணிக்கையில் மயங்கிவிட்டீர்கள்.

அந்த எண்ணிக்கையைக் கொஞ்சம் சந்தேகத்தோடு பாருங்கள். அவர்கள் பொய் சொன்னார்கள் என்று சொல்லவில்லை. பல மொழி பேசுபவர்களைக் கொஞ்சம் துருவிக் கேட்டால், ஒன்றிரண்டில் சண்டையே போட முடியும், இரண்டு மூன்றில் பயணத்துக்குப் போதுமான பேச்சு வரும், மீதியில் டீ வாங்கலாம் என்று அவர்களே பிரித்துச் சொல்லிவிடுவார்கள். நாம் வெளியிலிருந்து பார்க்கும்போது எல்லாம் ஒரே உயரத்தில் தெரிகிறது. இந்த அளவுகோலை வைத்தால் தமிழ், ஆங்கிலம், படிக்கத் தெரிந்த இந்தி என்று நீங்களும் மூன்றில் நிற்கிறீர்கள்.

பிறவித் திறமை பற்றிக் கேட்டீர்கள். கொஞ்சம் உண்டு, இல்லையென்று சொல்லி உங்களைத் தேற்ற மாட்டேன். எமில் கிரெப்ஸ் என்று ஒரு ஜெர்மானியர் இருந்தார். பீஜிங்கில் ஜெர்மன் தூதரகத்தில் மொழிபெயர்ப்பாளர். 68 மொழிகள் தெரிந்தவர் என்று பெயர் பெற்றவர். 1930இல் பெர்லினில் இறந்தபோது அவருடைய மூளையை எடுத்துப் பாதுகாத்து வைத்தார்கள். அதை ஆராய்ந்து 2004இல் வெளியிட்ட கட்டுரையின்படி, பேச்சோடு தொடர்புடைய பகுதியின் அமைப்பு மற்ற மூளைகளிலிருந்து வேறுபட்டிருந்தது. சரி, அப்படியே பிறந்தாரா, ஆயுள் முழுக்கப் படித்துப் படித்து அப்படி ஆனதா? ஒரே ஒரு மூளையை வைத்துக்கொண்டு அதைச் சொல்ல வழியில்லை. எப்படியிருந்தாலும் உங்களுக்கு வேண்டியது 68 இல்லை, ஒன்று. அதற்கு அப்படிப்பட்ட மூளை தேவையில்லை என்பதற்கு உங்கள் வேலூரின் காந்தி ரோடே சாட்சி. வங்காளி எழுத்தில் போர்டு வைத்து, வங்காளியிலேயே விலை சொல்லும் கடைக்காரர்கள் எத்தனை பேர்!

இன்னொருவரையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அவர் கதை உங்கள் மாடி போர்ஷனுக்கு ரொம்பப் பக்கம். இத்தாலியில் போலோன்யா நகரத்துத் தச்சரின் மகன் மெஸ்ஸோஃபான்டி (1774–1849), பாதிரியாராகிப் பின்னாளில் கார்டினல் ஆனவர். பல மொழிகள் தெரிந்தவர் என்றாலே ஐரோப்பாவில் இன்றும் முதலில் சொல்லும் பெயர். நெப்போலியன் காலத்துப் போர்களில் காயம்பட்ட பல நாட்டு வீரர்கள் அந்த ஊர் மருத்துவமனைகளில் கிடந்தார்கள். அவர்கள் தங்கள் பாவங்களைச் சொல்லக் கேட்டுப் பாவமன்னிப்பு கொடுக்கும் வேலை இவருக்கு. மொழி தெரியாமல் அந்த வேலை நடக்காது. ஆகவே கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, தெரிந்த பிரார்த்தனைகளை அவரவர் மொழியில் சொல்லச் சொல்லிக் கேட்டு, அதிலிருந்து அந்த மொழிக்குள் போனார். இவ்வளவு பெரிய மேதையின் காகிதங்கள் போலோன்யா நூலகத்தில் இருக்கின்றன. அவற்றில் என்ன கிடைத்தது தெரியுமா? சொற்களை எழுதி வைத்த சின்னச் சின்ன சீட்டுக் கட்டுகள். நம் பிள்ளைகள் வாய்ப்பாடு மனப்பாடம் செய்ய எழுதி வைப்பார்களே, அந்த மாதிரி.

வயதுக்கு வருவோம். சிறுவயதில் கற்றால் உச்சரிப்பு சுத்தமாக வரும், உண்மை. ஆனால் இலக்கணத்தைப் புரிந்துகொள்வதிலும் ஆரம்ப வேகத்திலும் பெரியவர்கள் பிள்ளைகளை முந்துவார்கள். ஹங்கேரியில் காட்டோ லோம்ப் (1909–2003) என்றொரு அம்மையார் இருந்தார். அவர் படித்தது வேதியியல், பிழைத்தது மொழிபெயர்ப்பாளராக. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் ஒரு பழைய ரஷ்ய நாவலை வைத்துக்கொண்டு தானே ரஷ்யன் கற்றார். அப்போது அவருக்கு முப்பது தாண்டியிருந்தது. எண்பது வயதுக்கு மேல் ஹீப்ரு படித்துக்கொண்டிருந்தார். அவர் மொழி கற்பதற்கு ஒரு பின்னம் எழுதி வைத்திருக்கிறார்: செலவிடும் நேரமும் ஆர்வமும் தொகுதியில், கூச்சம் பகுதியில். டீச்சருக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டாம். ரயில் சந்திப்பு உங்கள் ஆர்வத்தை ஒரே நாளில் பல மடங்காக்கியது, ஆனால் கீழே இருக்கும் எண்ணை யாரும் தொடவில்லை.

அப்புறம் அந்த ஆப். அதில் குற்றமில்லை. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். அமெரிக்க வெளியுறவுத் துறை தன் அதிகாரிகளுக்கு மொழி சொல்லிக்கொடுத்த அனுபவத்தில் ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. ஆங்கிலம் பேசுபவர் வேலைக்குப் போதுமான அளவு ஸ்பானிஷ் பேச ஏறக்குறைய 600 முதல் 750 மணி நேர வகுப்பு, தமிழுக்கும் இந்திக்கும் 1,100, கொரியனுக்கு 2,200. நாளுக்குக் கால் மணி நேரம் என்றால் கொரியன் முடிய 24 ஆண்டு. அந்தக் கால் மணியையும் மூன்று மொழிக்குப் பிரித்தால் 72 ஆண்டு. மூன்றாவது வாரம் நின்றதற்குச் சோம்பல் காரணம் இல்லை, நீங்கள் போட்ட திட்டம் எப்படியும் நின்றிருக்கும். அந்த மணிக்கணக்கு ஆங்கிலக்காரர்களுக்கானது என்பதையும் சொல்லிவிடுகிறேன். வினை கடைசியில் வருவது, உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டுவது எல்லாம் கொரியனிலும் நம் தமிழ் போலத்தான், ஆகவே நமக்கு வாக்கிய அமைப்பு அவ்வளவு மிரட்டாது.

ஸ்பானிஷையும் பிரெஞ்சையும் இன்றே விட்டுவிடுங்கள். அவை அந்தத் தம்பதியின் ஆசைகள். கொரியன் உங்களுடையது, மகளோடு உட்கார்ந்து பார்ப்பதிலிருந்து வந்தது. அது எங்கும் போகாது, காத்திருக்கட்டும். திரும்பத் தொடங்க வேண்டியது இந்தியில்.

முகம் சுளிப்பது தெரிகிறது. ரயிலில் பார்த்த மாயத்துக்கும் பிரவேஷிகா புத்தகத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். ஆனால் உங்கள் கையில் எழுத்து இருக்கிறது, இலக்கணம் இருக்கிறது, எங்கேயோ தூங்கிக்கொண்டு சில ஆயிரம் சொற்கள் இருக்கின்றன. கைடு புத்தகத்தைப் பார்த்துப் பதில்களை ஒப்பித்துத் தேறிய ஒரு தலைமுறையே நம் ஊரில் உண்டு. பிராத்மிக் முதல் பிரவீண் வரை சான்றிதழ் வைத்துக்கொண்டு சென்ட்ரல் ஸ்டேஷனில் வழி கேட்க முடியாதவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் படித்தது வீண் இல்லை, வாய் மட்டும் பழகவில்லை. வாயைப் பழக்க உங்களுக்கு விமானம் ஏற வேண்டாம், ஒரு மாடி ஏறினால் போதும்.

உங்களைப் பயமுறுத்துவது பெரும்பாலும் பால் வேறுபாடாகத்தான் இருக்கும். நாற்காலி பெண்பால், கதவு ஆண்பால் என்று தமிழ் மூளை எந்த நியாயத்தில் ஏற்கும்? நல்ல செய்தி என்னவென்றால், உங்களிடம் வருபவர்களில் வங்காளத்திலிருந்து வருபவர்கள் அதிகம் இருப்பார்கள். வங்காளியில் அப்படிப்பட்ட பால் கிடையாது, வினைச்சொல்லும் ஆணுக்கும் பெண்ணுக்கும் மாறாது. ஆகவே இந்தி பேசும்போது அவர்களும் அதே இடத்தில்தான் தடுக்கி விழுவார்கள். நீங்கள் தப்பாகப் பேசுவதைக் கண்டுபிடிக்கக்கூட அவர்களுக்குத் தெரியாமல் போகலாம்.

முதலில் உங்கள் வீட்டுக்குத் தேவையான வாக்கியங்களை மட்டும் ஒரு நோட்டில் தமிழில் எழுதுங்கள். தண்ணீர் வருகிறதா, கேஸ் தீர்ந்துவிட்டதா, ஆட்டோ கூப்பிடவா, நாளைக்கு எத்தனை மணிக்கு டோக்கன், நல்ல மீன் எங்கே கிடைக்கும். (கடைசிக் கேள்வியை அவர்கள் கேட்பார்கள், பதில் தயாராக இருக்கட்டும்.) அதற்கு இந்தி வாக்கியங்களை உங்கள் கணவரிடம் கேட்டு எழுதுங்கள். அவருடைய இலக்கணத்தை நீங்கள் திருத்துங்கள். பிரவேஷிகா படித்தவருக்கு அதுகூட உரிமை இல்லையா? கேலியும் பாதியாகக் குறையும் என்று நினைக்கிறேன்.

ஒரே ஒரு ஜாக்கிரதை. மாடியில் இருப்பவர்கள் பெரும்பாலும் புற்றுநோய், சிறுநீரகம், இதயம் என்று ஏதோ ஒரு பெரிய கவலையோடு இரண்டு நாள் ரயிலில் வந்தவர்கள். அவர்களை உங்கள் டியூஷன் மாஸ்டர் ஆக்கிவிடாதீர்கள். ரிப்போர்ட் வாங்கி வந்த நாளில் முகத்தைப் பாருங்கள், பேச வேண்டாமென்றால் வந்துவிடுங்கள். அவர்களுக்கு உபயோகமான பேச்சாக இருந்தால் உங்களுக்கு அது தானாகவே பயிற்சியாகிவிடும். முன்பின் தெரியாத ஊரில் வீட்டுக்கார அம்மா உடைந்த இந்தியில் சாப்பிட்டீர்களா என்று கேட்டால் யாரும் சிரிக்க மாட்டார்கள். சிரித்தால் நல்லது, சேர்ந்து சிரியுங்கள்.

ரயிலில் வந்த உற்சாகம் திரும்ப வருமா என்று நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். அது எல்லோருக்கும் வடியும். 2014இல் பெர்லினில் தொடங்கிய பன்மொழியாளர் சந்திப்பு ஒன்று இருக்கிறது. பெயர்ப் பட்டையில் தாங்கள் பேசும் மொழிகளின் கொடிகளை ஒட்டிக்கொண்டு பல நாட்டுக்காரர்கள் சில நாட்கள் கூடிப் பேசுவார்கள். ஏற்கெனவே ஏழெட்டு மொழி தெரிந்தவர்கள் எதற்கு இவ்வளவு செலவு செய்து வர வேண்டும்? ஊரில் தனியாக உட்கார்ந்து படித்தால் அவர்களுக்கும் சலித்துப்போகிறது. உங்களுக்குத் துணை வேண்டுமென்றால் ஸ்டாஃப் ரூமில் இந்தி டீச்சர் இருப்பார், மதிய இடைவேளையில் பத்து நிமிடம் இந்தியில் மட்டும் பேசலாம் என்று கேளுங்கள். அவரும் வகுப்பில் பாடம் நடத்துவதைத் தவிர அதைப் பேசிப் பல காலம் ஆகியிருக்கும்.

விடைத்தாள் திருத்தும் வாரங்களில் இதெல்லாம் நடக்காது. விட்டுப்போன நாட்களை எண்ணாமல் மறுநாள் தொடருங்கள். இந்தியில் ஓரளவு பேச்சு ஓடத் தொடங்கியதும் வங்காளிக்குப் போவதா, கொரியனுக்குப் போவதா என்பது உங்கள் இஷ்டம். கொரியன் என்றால் கோடை விடுமுறையில் மகளோடு சேர்ந்து அந்த எழுத்துகளை மட்டும் முதலில் முடித்துவிடுங்கள். 15ஆம் நூற்றாண்டில் செஜோங் மன்னர் சாதாரண மக்களும் எளிதில் கற்க வேண்டுமென்றே உருவாக்கிய எழுத்து அது, சில நாட்களில் படிக்க வந்துவிடும். ஆப்பை அதற்கு வைத்துக்கொள்ளுங்கள்.