மனச்சோர்வு மாத்திரை மூளையில் வாயிலை அடைப்பது முதல் நாளே. மனம் தெளிய ஏன் வாரக்கணக்கு?

கேள்வி: மனச்சோர்வுக்கு எஸ்சிட்டலோபிராம் 10 மில்லிகிராம் தொடங்கிப் பத்து நாள் ஆகிறது. குமட்டல்தான் மிச்சம். மருந்து எனக்கு ஒத்துவரவில்லையா?

பதில்: பத்து நாளில் அந்த முடிவுக்கு வராதீர்கள். மாத்திரை முதல் நாளே மூளையில் வேலையைத் தொடங்கிவிட்டது. நரம்பணுக்கள் தமக்குள் செய்தி கடத்தும் வேதிப்பொருள்களில் ஒன்று செரட்டோனின். ஒரு நரம்பணு அதை வெளியே விட்டதும், திரும்ப உள்ளே இழுக்க அந்த நரம்பணுவின் சவ்வில் வாயில்போல ஒரு கடத்திப் புரதம் இருக்கிறது. எஸ்சிட்டலோபிராம் போன்ற எஸ்.எஸ்.ஆர்.ஐ. வகை மாத்திரைகள் அடைப்பது அந்த வாயிலைத்தான், அதுவும் சில மணி நேரத்தில். அப்படியானால் செரட்டோனின் உடனே பெருகியிருக்க வேண்டுமே?

செரட்டோனின் நரம்பணுக்கள் மூளைத்தண்டின் நடுக்கோட்டில், ராஃபே என்ற பகுதியில் திரண்டிருக்கின்றன. விநாடிக்கு ஓரிரு முறை, நிதானமாக, சீராக மின்துடிப்பு விடுபவை அவை. அவற்றின் மேலேயே செரட்டோனினை உணரும் 5எச்டி-1ஏ என்ற ஏற்பி உண்டு. சுற்றிலும் செரட்டோனின் கூடினால் துடிப்பைக் குறைக்கும் தடை அது. மாத்திரை தொடங்கியதும் ராஃபேயைச் சுற்றிச் செரட்டோனின் ஏறுகிறது, தடை விழுகிறது, துடிப்பு சரிகிறது. அதனால் முன்மூளைக்குக் கூடுதலாகப் போய்ச் சேருவது கொஞ்சமே. இரண்டு மூன்று வாரம் இதே நிலை நீடித்தால் அந்த ஏற்பிகள் மழுங்கிப்போகின்றன. துடிப்பு பழைய வேகத்துக்கு மீள்கிறது. வாயிலோ அடைத்தபடியே இருக்கிறது. விலங்குகளின் மூளையில் மின்முனை வைத்து அளந்து கண்ட வரிசை இது. தாமதத்துக்கு இது மட்டுமே காரணமல்ல. நரம்பணுக்கள் புது இணைப்புகளைக் கட்ட உதவும் பி.டி.என்.எஃப். என்ற புரதத்தின் வேலையும் மெல்லத்தான் கூடுகிறது.

குடலுக்கு இந்தக் காத்திருப்பு கிடையாது. உடலின் செரட்டோனினில் சுமார் 90 சதவீதம் அங்கேதான் இருக்கிறது. குமட்டல் முந்திக்கொள்வது அதனால்தான். சாப்பிட்ட பிறகு மாத்திரை போடுங்கள். பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள் அடங்கிவிடும். நான்கு வாரம் கழித்தும் துளி மாற்றமும் இல்லையென்றால் மருத்துவரிடம் பேசுங்கள். ஆனால் இருப்புக்கொள்ளாத பதற்றமோ தற்கொலை எண்ணமோ தலைதூக்கினால் ஒரு நாள்கூடப் பொறுக்காமல் சொல்லிவிட வேண்டும். 25 வயதுக்கு உட்பட்டவர்கள் முதல் சில வாரங்களில் இதில் மிகவும் கவனமாக இருக்க வேண்டும்.

கேள்வி: செரட்டோனின் குறைவதால்தான் மனச்சோர்வு வருகிறதா?

பதில்: அப்படிச் சொல்ல உறுதியான சான்று இல்லை. மாத்திரை பலருக்குப் பலன் தருகிறது என்பதை வைத்து நோயின் காரணத்தைத் தீர்மானிக்க முடியாது.

கேள்வி: சிட்டலோபிராம் 20 மில்லிகிராமிலிருந்து 10, பிறகு 5 என்று சிரமமில்லாமல் குறைத்தேன். 5-ஐ நிறுத்திய மூன்றாம் நாள் தலைசுற்றல், தலைக்குள் மின்சாரம் பாய்வதுபோல் ஒரு வெட்டு. நோய் திரும்பிவிட்டதா?

பதில்: இது மருந்தை விட்டதன் விளைவு என்றே தோன்றுகிறது. மனச்சோர்வு திரும்பினால் பொதுவாக வாரங்கள், மாதங்கள் எடுத்து மெல்லக் கவியும். மின்சாரம் பாய்வதுபோன்ற இந்த உணர்வு அதில் வருவதில்லை.

சிட்டலோபிராமும் எஸ்.எஸ்.ஆர்.ஐ. வகைதான். கணக்கைப் பாருங்கள். 20 மில்லிகிராம் சுமார் 80 சதவீத வாயில்களை அடைக்கிறது. அதை 40 ஆக்கினாலும் 86-தான். 5 மில்லிகிராமிலேயே 60 சதவீதம் அடைபட்டிருக்கும். ஆக, 20-லிருந்து 5-க்கு வந்தபோது நீங்கள் இறங்கியது 20 புள்ளி. கடைசிப் படியில் ஒரேயடியாக 60. அளவைப் பாதி பாதியாகக் குறைப்பது தொடக்கத்தில் சரி, கடைசியில்தான் படிகள் மிகச் சிறியதாக வேண்டும். சொட்டு மருந்து வடிவம் கிடைத்தால் 2.5, 1 என்று வாரக்கணக்கில் இறங்கலாம். மருத்துவரிடம் இதைக் கேளுங்கள்.

அளவைக் குறைக்க ஒரு நாள் விட்டு ஒரு நாள் போடுவது நல்ல வழியல்ல. எடுத்துக்காட்டாக, அதே வகை மருந்தான பராக்ஸெட்டின் ஏறத்தாழ ஒரே நாளில் பாதியாகக் கரைந்துவிடுவதால், அடைப்பு ஏறி இறங்கி மூளையை அலைக்கழிக்கும். இந்த வகையில் ஃப்ளூவாக்ஸெட்டின் மட்டும் இதற்கு விலக்கு. அதன் வழிப்பொருள் ஒன்று உடலில் ஒரு வாரத்துக்கு மேலும் தங்கும்.

கேள்வி: எஸ்.எஸ்.ஆர்.ஐ. வகை மாத்திரையான செர்ட்ராலினோடு வலி மாத்திரை போடலாமா?

பதில்: பாராசிட்டமால் பொதுவாகத் தொல்லை தராது. டிராமடோல் என்ற வலி மாத்திரையைத் தவிருங்கள், இருமல் மருந்தில் டெக்ஸ்ட்ரோமெத்தார்பன் இருக்கிறதா என்றும் பாருங்கள். இரண்டுமே செரட்டோனினை ஏற்றுபவை. நடுக்கம், கொட்டும் வியர்வை, காய்ச்சல், தசைத் துள்ளல், குழப்பம் சேர்ந்து வந்தால் அவசர சிகிச்சைக்கு ஓடுங்கள். ஐபுப்ரோஃபென் என்ற வலி மாத்திரை வேறு விதம்: இரத்தம் உறைய உதவும் தட்டணுக்களும் இதே வாயில் வழியாகத்தான் செரட்டோனினைச் சேமிக்கின்றன. அந்த வாயில் அடைபட்டிருக்கும்போது ஐபுப்ரோஃபெனையும் சேர்த்தால் இரைப்பையில் இரத்தம் கசியும் அபாயம் கூடும்.