உலையில் குறைந்த 2 டம்ளர் அரிசி

கேள்வி: மூன்று முறை டயட் இருந்து எடையைக் குறைத்தேன். ஒவ்வொரு முறையும் ஆறேழு மாதத்தில் பழைய எடைக்கே வந்துவிடுகிறேன். குறைந்த எடை நிலைக்க என்ன உணவுப் பழக்கம் வேண்டும்?

இதே கேள்வியோடு நானும் இரண்டு வருஷம் அலைந்திருக்கிறேன். 2019-ல் சோற்றை அறவே நிறுத்தி, காலையிலும் இரவிலும் ஒரு பவுடரைக் கரைத்துக் குடித்து, மூன்று மாதத்தில் 9 கிலோ இறக்கினேன். அடுத்த தீபாவளிக்குள் 11 கிலோ ஏறிவிட்டது. எனக்கு மனக்கட்டுப்பாடு இல்லை என்று நானே முடிவு செய்து அழுத நாட்கள் உண்டு. நீங்களும் அப்படி நினைத்துக்கொண்டிருந்தால் முதலில் அதை விட்டுவிடுங்கள்.

பட்டினி மாதிரி இருந்து வேகமாகக் குறைக்கும்போது கொழுப்போடு தசையும் கரைகிறது. சிறுத்துப்போன உடம்புக்கு முன்பு செலவான அளவு சக்தி செலவாகாது. அதோடு பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் கூடுகிறது, போதும் என்று மூளைக்குச் சொல்லும் லெப்டின் குறைகிறது. எடை குறைந்து ஒரு வருஷம் ஆன பிறகும் இந்த மாற்றம் நீடிப்பதை ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள். ஆக, செலவு குறைந்த உடம்போடும் கூடின பசியோடும் பழைய சமையலறைக்குத் திரும்பிப் போகிறோம். எடை ஏறாமல் என்ன செய்யும்?

அந்தப் பழைய சமையலறையைத்தான் மாற்ற வேண்டும் என்று எனக்குப் புரிந்தது ஒரு ராத்திரியில். நாங்கள் கடலூர் மஞ்சக்குப்பம். வீட்டில் நான், என் வீட்டுக்காரர், அத்தை, காலேஜில் படிக்கும் மகன் என்று நான்கு பேர். மணி ஒன்பதரை இருக்கும், எல்லோரும் சாப்பிட்டு எழுந்துவிட்டார்கள். நானும் தட்டில் அளவாகத்தான் சாப்பிட்டிருந்தேன். பாத்திரம் ஒழிக்கப் போனால் குண்டானில் இரண்டு கரண்டி சோறு, வாணலியில் எண்ணெயோடு ஒட்டிக்கொண்டிருக்கும் உருளைக்கிழங்கு வறுவல். சோற்றை அந்த வாணலியிலேயே போட்டுப் புரட்டி, நின்றபடியே சாப்பிட்டு முடித்தேன். சோற்றைக் கொட்டக் கூடாது என்று சொல்லி வளர்த்த வீட்டுப் பெண் நான். கை கழுவும்போதுதான் உறைத்தது: இது இன்றைக்கு மட்டும் நடந்தது இல்லை, கல்யாணமான நாளிலிருந்து தினமும் நடக்கிறது. தட்டில் எவ்வளவு குறைத்தாலும் குண்டானில் மிஞ்சுவது என் வயிற்றுக்குத்தான் வருகிறது.

மறுநாள் அரிசி அளக்கும் டம்ளரைத் தராசில் வைத்துப் பார்த்தேன். ஒரு டம்ளர் 180 கிராம். மதியத்துக்கும் இரவுக்குமாகச் சேர்த்து 5 டம்ளர் போட்டுக்கொண்டிருந்தோம், அதாவது 900 கிராம். ஆளுக்கு 225 கிராம் அரிசி, காலை இட்லி தோசை தனி. ஹைதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில், 2000 கலோரி சாப்பாட்டுக்கு ஒரு நாள் முழுவதற்குமே தானியம் 250 கிராம் என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். இட்லி மாவில் போகும் அரிசியும் அதற்குள் அடக்கம். இந்தக் கணக்கு வருவதற்கு முன்பே நான் 3 டம்ளருக்கு வந்துவிட்டேன். ஒரே நாளில் இல்லை, இரண்டு மாதத்தில், ஒவ்வொரு அரை டம்ளராக.

முதல் வாரமே அத்தை கேட்டுவிட்டார்கள், "ஏம்மா, சோறு பத்துமா? தம்பி ரெண்டாவது தடவை கேட்டா என்ன பண்ணுவ?" நியாயமான கேள்வி. அரிசியைக் குறைத்துவிட்டு அந்த இடத்தில் ஒன்றும் வைக்காவிட்டால் வீட்டில் சண்டைதான் மிஞ்சும். அதனால் பொரியல், கூட்டு இரண்டையும் கூட்டினேன். முன்பு நான்கு பேருக்குக் கால் கிலோ கொத்தவரங்காய் வதக்கினால் ஒரு வேளை முடிந்தது என்று இருந்தேன். இப்போது திருப்பாதிரிப்புலியூர் பான்பரி மார்க்கெட்டில் ஞாயிற்றுக்கிழமை இரண்டு பை நிறைய வாங்குகிறோம். புடலங்காய், சுரைக்காய், அவரை, முருங்கைக்கீரை. நாளொன்றுக்கு வீட்டுக்கு ஒரு கிலோ காய் வரை வந்திருக்கிறோம். அந்த வழிகாட்டுதலில் ஆளுக்கு 400 கிராம் என்று இருக்கிறது, அந்த அளவை இன்னும் எட்டவில்லை. காய் நறுக்கும் வேலையை ஒருத்தியே செய்தால் இந்தப் பழக்கம் பத்து நாள்கூடத் தாங்காது. ராத்திரி செய்தி பார்த்துக்கொண்டே என் வீட்டுக்காரர் நறுக்கித் தருகிறார். வாழைத்தண்டை வட்டமாக அரிந்து, விரலில் நாரைச் சுற்றிச் சுற்றி எடுத்து மோரில் போட்டு வைப்பது அவர் வேலை. என்னைவிட மெல்லிசாக அரிகிறார்.

பரிமாறும் வரிசையையும் மாற்றினோம். தட்டில் முதலில் பொரியலும் கூட்டும். அதில் பாதி சாப்பிட்ட பிறகுதான் சோறு. வயிறு ஓரளவு நிறைந்த பிறகு சோறு வந்தால் இரண்டாவது கரண்டி தானாகவே வேண்டாம் என்று ஆகிவிடுகிறது. என் மகனுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்கவில்லை, பரிமாறும் வரிசையிலேயே பழகிவிட்டான்.

அப்புறம் எண்ணெய். ஒரு லிட்டர் பாக்கெட்டைப் பிரிக்கும்போது அதன்மேல் பேனாவால் தேதி எழுதிவைத்தேன். மாதக் கடைசியில் காலிப் பாக்கெட்டுகளை எண்ணினால் ஆறு. எண்ணெயில் கிராமுக்கு 9 கலோரி, அரிசியிலும் பருப்பிலும் இருக்கும் மாவுச்சத்து, புரதத்தில் கிராமுக்கு 4 தான். அதே வழிகாட்டுதலில் இருக்கிறபடி ஆளுக்கு ஒரு நாளைக்கு 27 கிராம் என்று வைத்தால் நான்கு பேருக்கு மாதம் மூன்றரை லிட்டர் போதும். பாட்டிலிலிருந்து நேராக ஊற்றுவதை நிறுத்திக் கரண்டியால் அளந்து விட ஆரம்பித்ததிலேயே நான்கரைக்கு வந்தது. மூன்றரைக்கு வர இன்னும் ஆறு மாதம் ஆயிற்று. ஆறு லிட்டருக்கும் மூன்றரை லிட்டருக்கும் உள்ள வித்தியாசத்தை ஆளுக்குப் பிரித்தால் தினமும் 170 கலோரி வருகிறது. யாருக்கும் பசி கூடவில்லை, ருசியும் அப்படி ஒன்றும் போய்விடவில்லை.

பசியடங்க வேண்டுமானால் புரதம் வேண்டும். கடலூர்க்காரர்களுக்கு அதற்குப் பஞ்சமே இல்லை. முதுநகர் துறைமுகத்திலிருந்து வரும் மத்தி, நெத்திலி, சங்கரா எதுவானாலும் சரி, வாரம் மூன்று நாள் குழம்பு வைத்துவிடுகிறேன். வறுவல் மாதம் ஒரு முறை, ஏனென்றால் மீனோடு எண்ணெயும் உள்ளே போகிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் மீன் கிடைப்பது குறைந்து விலையும் ஏறும். அந்த இரண்டு மாதம் முட்டை, கொண்டைக்கடலை, பாசிப்பயறு. சைவமானால் வருஷம் முழுக்க இதுவும் தயிரும்தான், ஒன்றும் குறைந்துவிடாது.

என்னை அதிகம் தோற்கடித்தது சாயங்கால நேரம். எனக்கு வேலை புதுச்சேரியில். ஆறு மணிக்கு பஸ் பிடித்தால் கடலூர் வந்து இறங்க ஏழாகும். மதியம் ஒரு மணிக்குச் சாப்பிட்டது. பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் பஜ்ஜி வாசனை. அந்தப் பசியில் எந்த உறுதியும் நிற்காது, நிற்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நான் செய்தது, பசி வருவதற்கு முன்பே சாப்பிட்டுவிடுவது. ஐந்தரை மணிக்கு ஆபீசிலேயே ஒரு சின்ன டப்பா சுண்டலோ அவித்த வேர்க்கடலையோ. அதைச் சாப்பிட்டுவிட்டு பஸ் ஏறினால் கடலூரில் இறங்கும்போது பஜ்ஜிக் கடை வெறும் கடையாகத்தான் தெரிகிறது. நிலைத்த பழக்கங்களில் எனக்கு அதிகம் உதவியது எது என்று கேட்டால் இந்த டப்பாவைத்தான் சொல்வேன்.

டீயில் சர்க்கரையை மூன்று வாரத்துக்கு அரை ஸ்பூன் வீதம் குறைத்து, இரண்டு ஸ்பூனிலிருந்து அரை ஸ்பூனுக்கு வந்தேன். நாக்கு பழகிக்கொள்கிறது.

எத்தனை நாளில் பழகும் என்று கேட்பீர்கள். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் 96 பேரை வைத்து ஒரு ஆய்வு செய்தார்கள், 2009-ல் வெளியானது. ஒரு பழக்கம் தானாக நடக்கும் நிலைக்கு வரச் சராசரியாக 66 நாள், ஆளைப் பொறுத்து 18 நாளிலிருந்து 254 நாள் வரை. நடுவில் ஒரு நாள் தவறினால் பெரிதாகக் கெட்டுப்போவதில்லை என்பதையும் அதிலேயே கண்டார்கள். எனக்கு அந்த இரண்டாவது விஷயம்தான் பெரிய ஆறுதல். ஒரு கல்யாணச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டு, எல்லாம் போச்சு என்று அடுத்த ஒரு மாதத்தையும் சேர்த்து விட்டுவிடுகிற ஆளாக இருந்தேன். இப்போது தைப்பூசத்துக்கு வடலூர் போனால் தர்மசாலையில் உட்கார்ந்து மனசாரச் சாப்பிட்டுவிட்டு வருகிறேன். மறுநாள் காலை வழக்கம்போல் அதே 3 டம்ளர் அரிசி.

என் உயரம் 158 செ.மீ. 2021 ஜனவரியில் 76 கிலோ. 65-க்கு வர 14 மாதம் ஆனது. நடுவில் மூன்று மாதம் முள் அசையவே இல்லை. அன்றிலிருந்து 64-க்கும் 66-க்கும் இடையில்தான் இருக்கிறேன். உயரத்துக்கு ஏற்ற எடைதானா என்று காட்டும் பிஎம்ஐ கணக்கில், நம்மவர்களுக்கு 23-ஐத் தாண்டினாலே அதிக எடை என்கிறார்கள், எனக்கு இப்போது 26. இன்னும் போக வேண்டிய தூரம் இருக்கிறது, ஆனால் அவசரம் இல்லை. இருக்கும் எடையில் 5 முதல் 10 சதவீதம் குறைந்தாலே சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் நல்லது என்று என் டாக்டர் சொன்னார். எடை பார்ப்பது வாரம் ஒரு முறை, சனிக்கிழமை காலை. தினமும் பார்த்தால் தண்ணீர் ஏறி இறங்குவதெல்லாம் மனசைப் போட்டு வதைக்கும்.

ஒன்றை மறக்காமல் சொல்ல வேண்டும். அத்தைக்குச் சர்க்கரை மாத்திரை உண்டு. வீட்டில் சோறு குறைந்தபோது அவர்களுக்கும் குறைந்தது, ஒரு நாள் காலையில் வியர்த்து, கை நடுங்கி உட்கார்ந்துவிட்டார்கள். சர்க்கரை தாழ்ந்துபோயிருந்தது. டாக்டரிடம் போய்ச் சாப்பாட்டை மாற்றியதைச் சொன்ன பிறகு மாத்திரை அளவைக் குறைத்துக் கொடுத்தார். முன்கூட்டியே கேட்டிருக்க வேண்டும், கேட்காதது என் தவறு. வீட்டில் யாராவது சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுத்தால் அரிசியில் கை வைக்கும் முன் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். நீங்களும் ஒரு முறை தைராய்டு பார்த்துக்கொள்ளுங்கள், மூன்று முறை ஏறியிருக்கிறது என்கிறீர்களே.

சரி, எங்கே தொடங்குவது? இந்த வாரம் சாப்பாட்டில் எதையும் மாற்ற வேண்டாம். தினமும் எத்தனை டம்ளர் அரிசி போடுகிறீர்கள், எண்ணெய்ப் பாக்கெட்டை எந்தத் தேதியில் பிரித்தீர்கள், மிஞ்சியதை யார் சாப்பிட்டார்கள், இந்த மூன்றை மட்டும் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதிவையுங்கள். வீட்டில் எத்தனை பேர் என்பதையும் சேர்த்துக் கீழே கருத்தில் போடுங்கள், எங்கே அரை டம்ளர் குறைக்கலாம் என்று சேர்ந்து பார்ப்போம்.