ரஜினி மட்டும் என்ன படித்தார் என்று கேட்கும் மகனுக்கு

ஐயா, பிளஸ் டூ முடித்த மகன் கல்லூரி வேண்டாம், நேரே கோடம்பாக்கம் போகிறேன் என்கிறான்; கேட்டால் ரஜினியைக் காட்டுகிறான் என்கிறீர்கள். அவருடைய முன்னோர் ஊர் நம் கிருஷ்ணகிரி மாவட்டத்து நாச்சிகுப்பம். இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அந்த ஆசை வருவதில் வியப்பில்லை.

ஆனால் ரஜினி படித்தார். பெங்களூரில் கண்டக்டராக இருந்தவர், 1973-ல் சென்னை வந்து திரைப்படக் கல்லூரியில் நடிப்புப் பயிற்சியில் சேர்ந்தார். 1975-ல் 'அபூர்வ ராகங்கள்' படத்தில் சின்ன வேடம். பிறகு வில்லன், இரண்டாம் நாயகன். தனி நாயகனாக 'பைரவி' வந்தது 1978-ல். டிக்கெட் கிழித்தவர் சூப்பர் ஸ்டார் ஆனார் என்று பேசுகிறவர்கள் இந்த ஐந்து வருடத்தைச் சொல்வதே இல்லை.

தரமணி எம்.ஜி.ஆர். அரசு திரைப்படக் கல்லூரியில் இயக்கம், ஒளிப்பதிவு, படத்தொகுப்பு எல்லாம் உண்டு. நடிப்புக்குப் பட்டப்படிப்பு இல்லை. புனேயில் இருக்கும் மத்திய அரசின் திரைப்படக் கல்லூரியான எஃப்.டி.ஐ.ஐ.யின் நடிப்புப் படிப்புக்கு டிகிரி வேண்டும். டெல்லி தேசிய நாடகப் பள்ளி டிகிரியோடு மேடை அனுபவமும் கேட்கும். அதனால் தர்மபுரியிலோ கிருஷ்ணகிரியிலோ அரசு கலைக் கல்லூரியில் பிடித்த பாடத்தில் சேர்த்துவிடுங்கள். எந்தப் பாடம் என்பது இங்கே பெரிய விஷயமில்லை.

அந்த மூன்று வருடத்தில் மேடை ஏற வேண்டும். திரௌபதி அம்மன் திருவிழாக்களில் பாரதக் கூத்து ஆடும் வாத்தியார்கள் நம் பக்கம் இருக்கிறார்கள். விடிய விடிய தொண்டை கட்டாமல் பாடிப் பேசி ஆடும் மூச்சுப் பழக்கம் அங்கே கிடைக்கும். ஒரு எச்சரிக்கை: கூத்தின் குரலும் கையசைப்பும் கேமரா முன் மிகையாகத் தெரியும், அதைக் குறைத்துப் பழக வேண்டும். ஓசூர்ப் பக்கம் போல வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசினால், வாய்ப்புக் கேட்டு அனுப்பும் புரொஃபைலில் முதல் வரியிலேயே அதை எழுதட்டும்.

ஆடிஷன் வீடியோவுக்கு: போனைக் கிடைமட்டமாக, கண் உயரத்தில் வையுங்கள். பின்னால் வெறும் சுவர், முகத்துக்கு எதிரே ஜன்னல் வெளிச்சம். ஜன்னல் முதுகுப் பக்கம் இருந்தால் முகம் கறுத்துவிடும். முதலில் பெயர், வயது, உயரம், மொழிகள். இரண்டு பக்கமும் திரும்பிக் காட்டட்டும். பிறகு ஒரு நிமிட நடிப்பு. பிரபல வசனத்தைப் பேசினால் அசல் நடிகரோடு ஒப்பிடுவார்கள், சொந்தமாக எழுதியதே நல்லது. ஃபில்டர் வேண்டாம்.

பணம் கேட்கும் ஆடிஷன் ஆடிஷனே இல்லை. ரெஜிஸ்ட்ரேஷன், போர்ட்ஃபோலியோ, கார்டு என்று எந்தப் பெயரில் கேட்டாலும் ஜிபே செய்யாதீர்கள். கட்டிவிட்டீர்கள் என்றால் தாமதிக்காமல் சைபர் குற்றப் புகார் எண்ணான 1930-க்குப் போன் செய்யுங்கள்.