தேர்தல் வந்தால் துப்பாக்கியை ஒப்படைத்தே ஆக வேண்டுமா?

கேள்வி: பயிர்ப் பாதுகாப்புக்காக அப்பா காலத்திலிருந்து உரிமத்தோடு ஒரு நாட்டுத் துப்பாக்கி வைத்திருக்கிறோம். இப்போது உரிமம் என் பெயரில். என் மேல் எந்த வழக்கும் இல்லை. ஆனாலும் ஒவ்வொரு தேர்தலுக்கும் ஸ்டேஷனிலிருந்து போன் செய்து ஒப்படைக்கச் சொல்கிறார்கள். போன முறை திரும்பக் கிடைக்க நான்கு மாதம் ஆனது. குழல் துருவேறிக் கிடந்தது. அமெரிக்காவில் இருக்கும் மருமகன், "அங்கே இது அடிப்படை உரிமை" என்கிறார். நான் மறுக்கலாமா?
- விவசாயி, கிருஷ்ணகிரி மாவட்டம்

பதில்: வணக்கம் ஐயா. மருமகன் சொல்வது அந்த நாட்டுக்குச் சரி. அந்நாட்டு அரசியல் சாசனத்தில் 1791-ல் வந்த இரண்டாவது திருத்தம் தரும் ஆயுத உரிமை தனிமனிதருக்கு உரியது என்று 2008-ல் ஹெல்லர் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது. அங்கேயும் வரம்பு உண்டு. தன் மேல் குடும்ப வன்முறைத் தடையாணை உள்ளவர் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது என்ற சட்டம் செல்லும் என்று 2024-ல் அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

நம் கதை வேறு. 1878-ல் வெள்ளைக்காரர் கொண்டுவந்த ஆயுதச் சட்டத்தின் மேல் இருந்த கோபத்தில், 1931 கராச்சி காங்கிரஸ் தீர்மானம் ஆயுதம் வைத்திருப்பதையும் குடிமகனின் உரிமையாகச் சேர்த்தது. அரசியல் சாசனம் எழுதியபோது அந்த உரிமை இடம் பெறவில்லை. கூட்டம் கூடும் உரிமையைத் தரும் 19-வது பிரிவிலேயே "ஆயுதமின்றி" என்றுதான் இருக்கிறது. அதனால் உங்களிடம் இருப்பது 1959 ஆயுதச் சட்டம் தரும் உரிமம் மட்டுமே.

ஆனால் உரிமம்தானே என்று அதிகாரி நினைத்தபடி நடக்க முடியாது. உண்மையான பயிர்க் காவலுக்கு குழலின் வாய் வழியாக வெடிமருந்து திணிக்கும் துப்பாக்கி கேட்டால், சட்டம் சொல்லும் தடைகள் இல்லாதவரை உரிமம் தர வேண்டும் என்கிறது 13-வது பிரிவு. மறுத்தாலோ ரத்து செய்தாலோ 18-வது பிரிவின்படி மேல்முறையீடு செய்யலாம்.

தேர்தல் விஷயத்திலும் இதே நியாயம்தான். உரிமம் உள்ள எல்லாரையும் ஒரே கூடையில் போடாமல், ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பரிசீலிக்க வேண்டும் என்று 2009-ல் பம்பாய் உயர் நீதிமன்றம் சொன்னது. தேர்தல் ஆணையத்தின் அறிவுறுத்தலும் அப்படித்தான். கலெக்டரும் எஸ்.பி.யும் இருக்கும் குழு, ஜாமீனில் இருப்பவர், குற்றப் பின்னணி உள்ளவர், கலவரத்தில் சம்பந்தப்பட்டவர் ஆகியோரைத்தான் முக்கியமாகப் பார்க்க வேண்டும். வாக்குச்சாவடிக்கு வரும் மக்கள் பயமில்லாமல் வர வேண்டும் என்பதும் நியாயமான அக்கறைதான். அதற்காக வழக்கே இல்லாத ஒரு விவசாயியின் காவலைப் பறிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

ஆகவே ஸ்டேஷனில் தகராறு வேண்டாம். போன் வந்தால், "எழுத்தில் உத்தரவு கொடுங்கள் ஐயா" என்று கேளுங்கள். வழக்கு ஏதுமில்லை, பயிர்க் காவலுக்குத் தேவை என்று கலெக்டருக்கு விலக்கு கேட்டு இப்போதே மனு போடுங்கள். பதிவுத் தபாலில் அனுப்புங்கள். எழுத்தில் உத்தரவு வந்துவிட்டால் ஒப்படையுங்கள். பிறகு அந்த உத்தரவை எதிர்த்து உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போட வழி இருக்கிறது.

இன்னொன்று. உரிமம் இருக்கிறது என்பதற்காகக் காட்டுப்பன்றியைச் சுட்டுவிடாதீர்கள். அது 1972 வனவிலங்குச் சட்டத்தில் தனிக் குற்றம். அதற்கு வனத்துறை அனுமதி வேண்டும்.

ரசீதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். என்னிடம் வந்த ஒருவர் கையில் இருந்தது வெள்ளைத் தாளில் "துப்பாக்கி 1" என்று எழுதிய சீட்டு, அவ்வளவுதான். எண்ணும் இல்லை, தேதியும் இல்லை. நீங்கள் ஒப்படைக்கும் முன் குழலுக்கு எண்ணெய் போட்டு, துப்பாக்கி எண் தெரியும்படி போட்டோ எடுத்துவிடுங்கள். எண், தேதி, குழலின் நிலை மூன்றும் ரசீதில் இருக்கட்டும். தேர்தல் முடிவு வந்த அடுத்த வாரமே அந்த ரசீதின் நகலை இணைத்து, திருப்பித் தரச் சொல்லி மனு கொடுங்கள்.