மூக்குத் தண்டு வளைவுக்கு ஆபரேஷன் செய்தால் அடைப்பு திரும்ப வருமா?

கேட்டவர் பல்லடம் பக்கம் தறிக்குடோனில் வேலை பார்ப்பவர். டாக்டர் ஆபரேஷன் என்று சொல்லிவிட்டாராம். அக்கம்பக்கத்தில் "அது திரும்பத் திரும்ப வருமுங்க, காசுக்குத்தான் கேடு" என்கிறார்களாம்.

நான் சோமனூர். டாக்டர் இல்லை, தறிக்காரன்தான். இதே ஆபரேஷனை நாலு வருஷத்துக்கு முன் செய்துகொண்டேன். அக்கம்பக்கம் சொல்வதில் பாதி சரி. மூக்குத் தண்டு என்பது இரண்டு மூக்குத் துவாரத்துக்கும் நடுவில் இருக்கிற சுவர். வளைந்த தண்டை நேராக்கினால் அது பெரும்பாலும் அப்படியே நிற்கும். பஞ்சுத் தூசி ஒத்துக்கொள்ளாமல் மூக்குச் சதை வீங்குகிறதே, அது வேறு கதை. தண்டை நேராக்குவதால் அது தீராது.

நான் முதலில் பார்த்த டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்ததுமே தேதி குறித்துவிட்டார். மனசு ஒப்பாமல் கோவையில் இன்னொருவரிடம் போனேன். அவர் என் மூக்கைப் பார்ப்பதற்கு முன்னால், "சட்டைப் பையில என்னங்க அது?" என்றார். மூக்கடைப்புச் சொட்டு மருந்து. சைலோமெட்டசோலின். ரெண்டு வருஷமாக அது இல்லாமல் எனக்குத் தூக்கம் இல்லை. சில நாள் மட்டும் போட வேண்டிய மருந்து அது. தொடர்ந்து போட்டால் மருந்தின் வேகம் இறங்கும்போதெல்லாம் சதை முன்னைவிட வீங்கும், அந்த வீக்கத்துக்கு மறுபடி மருந்து கேட்கும். அதை நிறுத்தச் சொல்லி, ஸ்டீராய்டு ஸ்ப்ரே கொடுத்து ஆறு வாரம் கழித்து வரச் சொன்னார். முதல் வாரம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியேதான் தூங்கினேன். அப்புறம் வலது பக்கம் நன்றாகத் திறந்தது, இடது பக்கம் அசையவில்லை. மூக்குக்கடியில் பளபளப்பான ஒரு தகட்டைப் பிடித்து மூச்சு விடச் சொன்னார். வலப்பக்கம் ரூபாய்க் காசு அளவுக்கு ஆவி படிந்தது, இடப்பக்கம் ஒன்றுமே இல்லை. "இப்ப ஆபரேஷன் பண்ணலாமுங்க" என்றார்.

ஆராய்ச்சி என்ன சொல்கிறது என்றும் கேட்டிருந்தீர்கள். பிரிட்டனில் 17 மருத்துவமனைகளில் 378 பேரைச் சீட்டுக் குலுக்கிப் போடுகிற மாதிரி இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு ஆபரேஷன், மறுபாதிக்கு ஸ்டீராய்டு ஸ்ப்ரேயும் உப்புநீர் ஸ்ப்ரேயும். 2023-இல் முடிவு வந்தது. மூக்குத் தொந்தரவு பற்றி 22 கேள்விகள் கேட்டார்கள், மொத்தம் 110 மார்க், மார்க் கூடினால் அவஸ்தை கூட என்று அர்த்தம். ஆறு மாதத்தில் ஆபரேஷன் ஆனவர்களுக்குச் சராசரி 19.9, ஸ்ப்ரே மட்டும் போட்டவர்களுக்கு 39.5. நல்ல வித்தியாசம்தான். ஆனால் பூஜ்யம் இல்லை, பாருங்கள். ஆபரேஷன் ஆனவர்களில் 7 பேர் ரத்தக்கசிவுக்காகத் திரும்ப ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள், 20 பேருக்குத் தொற்றுக்கு ஆன்டிபயாடிக் தேவைப்பட்டது. அதாவது 4 சதவீதம், 12 சதவீதம். இதைச் சொல்லாமல் "சின்ன விஷயமுங்க" என்று சொல்கிற டாக்டரை நான் நம்ப மாட்டேன். அந்த 378 பேரில் தறிக்குடோனில் நின்றவர்கள் யாரும் இருந்திருப்பார்கள் என்றும் தோன்றவில்லை.

எனக்கு ரத்தம் வரவில்லை. அடைத்திருந்த துணியை மறுநாள் உருவினார்கள், மூளையே கூட வருகிற மாதிரி இருந்தது. பத்து நாள் பொருக்கு, உப்புத்தண்ணீரில் கழுவ வேண்டும். அந்தத் தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற வைத்துத்தான் ஊற்ற வேண்டும், குழாய்த் தண்ணீரில் அமீபா இருந்தால் மூக்கு வழியாக மூளைக்கே போகும். என் மாமியார், "சிறுவாணித் தண்ணியக் காய்ச்சுவாங்களா?" என்று சண்டைக்கே வந்துவிட்டார். காய்ச்சத்தான் வேண்டும்.

இப்போது மூச்சு இரண்டு பக்கமும் போகிறது. பஞ்சு பறக்கிற நாளில் தும்மல் வருகிறது, மாஸ்க் போடுகிறேன், ஸ்ப்ரேயும் அடிக்கிறேன்.

நீங்கள் சொட்டு மருந்து பற்றி ஒரு வரிகூட எழுதவில்லையே, போடுகிறீர்களா? போட்டால் அந்த பாட்டிலை எடுத்துப்போய் உங்கள் டாக்டரிடம் காட்டுங்கள், தேதி குறிக்கிறதுக்கு முன்னாலேயே.