21-ஆம் நாள் ரத்தப் பரிசோதனை: உங்கள் கணக்கில் எந்த நாள்?

கேள்வி: எனக்கு 29 வயது. திருமணமாகிப் பத்து மாதம் ஆகிறது. சோழிங்கநல்லூரில் ஐ.டி. வேலை. பீரியட்ஸ் 35 முதல் 37 நாளுக்குள் தவறாமல் வந்துவிடும். போன மாதம் லேப்பிலிருந்து வீட்டுக்கே வந்து 21-ஆம் நாள் ரத்தம் எடுத்தார்கள். ப்ரொஜெஸ்டிரோன் ஹார்மோன் 0.4 என்று வந்திருக்கிறது. "உனக்கு முட்டையே வெடிக்கல" என்கிறாள் தோழி. மாத்திரை ஆரம்பிக்க வேண்டுமா? முடி கொட்டுவதற்காக பயோட்டின் என்ற வைட்டமின் மட்டும் சாப்பிடுகிறேன்.
– பெயர் வேண்டாம், வேளச்சேரி

பதில்: மாத்திரை இப்போது வேண்டாம். ரிப்போர்ட்டில் உள்ள எண் சரியாகவே இருக்கலாம். ரத்தம் எடுத்த நாள்தான் உங்களுக்குப் பொருந்தவில்லை.

மூளையின் அடியில் இருக்கும் ஹைப்போதலாமஸ், ஒன்று ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை ஜிஎன்ஆர்எச் என்ற ஹார்மோனை விட்டுவிட்டுச் சுரக்கிறது. இடைவிடாமல் சுரந்தால் வேலை நடக்காது, நின்றே போகும். இந்த ஹார்மோனைப் பிரித்தறிந்த விஞ்ஞானிகள் ஷாலி, கில்லமின் இருவருக்கும் 1977-இல் நோபல் பரிசு கிடைத்தது. ரத்தத்தில் துளியூண்டு இருக்கும் ஹார்மோனை அளக்க வழி கண்ட ரோசலின் யாலோவும் அதே பரிசில் பங்கு பெற்றார். உங்கள் கையில் இருக்கும் ரிப்போர்ட்டுக்கு அவர்தான் ஒரு வகையில் பாட்டி.

ஜிஎன்ஆர்எச் தூண்டியதும், பட்டாணி அளவே உள்ள பிட்யூட்டரி சுரப்பி எஃப்எஸ்எச், எல்எச் என்ற இரண்டு ஹார்மோன்களை அனுப்பும். எஃப்எஸ்எச் சினைப்பையில் சில முட்டைப் பைகளை வளர்க்கும். வழக்கமாக அவற்றில் ஒன்று முந்திக்கொள்ளும். வளரும் பை ஈஸ்ட்ரோஜனைச் சுரக்கும். சாதாரணமாக ஈஸ்ட்ரோஜன் மூளையிடம் "போதும், அடங்கு" என்றுதான் சொல்லும். ஆனால் அதன் அளவு உயர்ந்து ஏறக்குறைய இரண்டு நாள் அப்படியே நின்றால், அதே ஹார்மோன் பேச்சை மாற்றிவிடும். பிட்யூட்டரி எல்எச்சைக் கொட்டும். அது ஏறத் தொடங்கிச் சுமார் 36 மணி நேரத்தில் முட்டை வெளியேறும். நாங்கள் படிக்கும்போது எல்லோரையும் குழப்பிய இடம் இது. முட்டை பக்குவமானதை மூளை தானாக அறிவதில்லை, பைதான் ஆள் அனுப்பிச் சொல்கிறது.

முட்டை போன பிறகு அந்தக் காலிப் பை மஞ்சள் நிறமாக மாறி, ப்ரொஜெஸ்டிரோனைச் சுரக்கத் தொடங்கும். கரு தங்காவிட்டால் சுமார் 14 நாளில் அது வாடிவிடும். ப்ரொஜெஸ்டிரோன் சரிந்ததும் மாதவிலக்கு.

ஆக, சுழற்சி நீளமாக இருந்தால் பெரும்பாலும் நீள்வது முட்டை வெளிவருவதற்கு முந்தைய முன்பாதிதான். பின்பாதி அந்தச் சுமார் 14 நாள்தான். வேளச்சேரி ஸ்டேஷனுக்கு வந்து சேர எவ்வளவு நேரமாகும் என்று யாராலும் சொல்ல முடியாது. பறக்கும் ரயிலில் ஏறிவிட்டால், திருமயிலை எப்போது வரும் என்று சொல்லிவிடலாம். உங்கள் 36 நாள் கணக்கில் 14-ஐக் கழியுங்கள்: 22. அநேகமாக முட்டை வெளிவருவதற்கு முந்தைய நாள் ரத்தம் கொடுத்திருக்கிறீர்கள். அன்று 0.4 இல்லாமல் வேறென்ன இருக்கும்? 28 நாள் சுழற்சி உள்ளவருக்குத்தான் 21-ஆம் நாள். விதி, அடுத்த மாதவிலக்குக்கு ஏழு நாள் முன்பு என்பதே. உங்களுக்கு அது 29-ஆம் நாள். அன்று ப்ரொஜெஸ்டிரோன் மில்லிலிட்டருக்கு 3 நானோகிராமுக்கு மேல் இருந்தால் முட்டை வெளிவந்ததாகக் கொள்ளலாம். இன்னும் துல்லியம் வேண்டுமென்றால், 17-ஆம் நாளிலிருந்து மருந்துக்கடை எல்எச் பட்டையில் சிறுநீரைச் சோதித்து, அது பாசிட்டிவ் காட்டிய ஏழாம், எட்டாம் நாள் ரத்தம் கொடுங்கள்.

ஒன்று கேட்கிறேன், எதிலிருந்து எண்ணினீர்கள்? தலைக்குக் குளித்த நாளை முதல் நாளாக வைப்பவர்கள் நம் ஊரில் இன்னும் நிறைய. "முழுகாம இருக்கா" என்று கர்ப்பத்தைச் சொல்லும் ஊரில் அது இயல்புதான். ஆனால் லேப் கணக்கில், உதிரம் நன்றாகப் பட்ட முதல் நாள்தான் ஒன்று.

பயோட்டின் விஷயம் சின்னதல்ல. சில ஆய்வக முறைகளில் அது கணக்கைக் கெடுக்கும். ப்ரொஜெஸ்டிரோனைக் கூட்டியும், தைராய்டைத் தூண்டும் ஹார்மோனான டிஎஸ்எச்சைக் குறைத்தும் காட்டலாம். ரத்தம் எடுப்பதற்கு இரண்டு நாள் முன்பே நிறுத்திவிட்டு, லேப்பிலும் சொல்லிவிடுங்கள். டிஎஸ்எச், பால் சுரக்க வைக்கும் ஹார்மோனான ப்ரோலாக்டின் இரண்டையும் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது. தைராய்டு மந்தமானால் ப்ரோலாக்டின் ஏறி, ஜிஎன்ஆர்எச்சை அடக்கிவிடும். ப்ரோலாக்டினுக்குத் தூங்கி எழுந்த உடனே ரத்தம் கொடுக்க வேண்டாம்.

கடிதத்தில் கணவரைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அவருக்கும் இதே எஃப்எஸ்எச், எல்எச்தான். ஜிம்மில் யாராவது சொல்லி டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டுக்கொண்டால், மூளை "இருக்கிறதே" என்று எல்எச்சை நிறுத்திவிடும். விந்தணு உற்பத்தி படுத்துவிடும். விந்து பரிசோதனை ஒன்றுதான், ஊசிகூட இல்லை. விந்து வெளியேறாமல் 2 முதல் 7 நாள் இடைவெளி விட்டுக் கொடுத்தால் போதும்.

உங்கள் வயதில் ஓராண்டு முயன்ற பிறகுதான் குழந்தையின்மைப் பரிசோதனைக்குப் போவது வழக்கம். பீரியட்ஸ் இடைவெளி 38 நாளைத் தாண்டத் தொடங்கினாலோ, மார்பில் பால் கசிந்தாலோ, முகத்தில் முடி தடித்து வளர்ந்தாலோ காத்திருக்காமல் மருத்துவரைப் பாருங்கள். இந்த மாதம் 37-ஆம் நாளும் தாண்டிவிட்டால், லேப்புக்கு போன் செய்யும் முன் காலையில் முதல் சிறுநீரில் கர்ப்பப் பரிசோதனை அட்டையைப் பார்த்துவிடுங்கள்.